கழுத்து வீக்கமும் இழைய நீரும்

இலங்கை ஆண்களை அதிகம் பீடிக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் இதன் பிரதான காரணமாகும். சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து வீட்டார் ஆறுதலடைந்திருக்கும் வேளையில், சில மாதங்கள் கழித்து, நாடிக்குக் கீழே வீக்கம் தோன்றுவதுண்டு. நிணநீர் வடியும் பாதைகள் சிதைவதால் நீர் இழையங்களில் தேங்குகிறது. வயதானவர்களிடத்தே இதனை வெறும் சதைத் தொங்கல் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

ஒரு கை வீங்கினால் மறு கையோடு அளந்து ஒப்பிடலாம். கழுத்துக்கு அவ்வசதி இல்லை. பெரும்பாலும் இருபுறமும் வீங்கிவிடும். விரலால் அழுத்திப் பார்ப்பதோ ஆளுக்கு ஆள் வேறுபடும். இங்குதான் இழைய நீரை அளக்கும் சிறு கருவி உதவுகின்றது. தோலின் மீது சில விநாடிகள் வைத்தால், 300 மெகாஹேர்ட்ஸ் மின்காந்த அலையின் மூலம் அவ்விடத்தின் மின் இயல்பை எண்ணாகக் காட்டும். தூய நீருக்கு அவ்வெண் ஏறத்தாழ 78. இழையத்தில் நீர் கூடக்கூட எண்ணும் உயரும்.

எனினும் தோலுக்குக் கீழே சில மில்லிமீற்றர் ஆழமே அதற்கு எட்டும். தொண்டையின் உட்புற வீக்கத்தைக் கமராக் குழாய் செலுத்தியே பார்க்க வேண்டும். புற்று மீண்டும் தலைதூக்கியதா என்பதையும் இக்கருவி கூறாது. அது வைத்தியரின் பொறுப்பு.

சிகிச்சைக்கு முன்னரே ஓர் அளவைப் பதிந்து வைப்பது அவசியம் என்பதே எமது கருத்து. ஆரம்பத்தில் மிருதுவாயிருக்கும் வீக்கம் நாளடைவில் நார்த்தன்மை பெற்று இறுகிவிட்டால், நீவுதலும் அழுத்தக் கட்டும் முன்போல் பலன் தருவதில்லை.