ஏரிக்குள் பாயும் புலி

ராஜஸ்தானின் ரணதம்பூர் காட்டில் மே மாதம் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஓடைகள் வறண்டுவிடும், தோக் மரங்கள் மொட்டையாக நிற்கும். அப்போது விலங்குகளுக்கு வாய்ப்பது பதம் தலாவ், ராஜ்பாக், மாலிக் தலாவ் என்னும் ஏரிகளும் சில குட்டைகளும்தான்.

புலி நெடுந்தூரம் துரத்தும் பிராணி அல்ல. பதுங்கி, நெருங்கி, சில விநாடிகளில் காரியத்தை முடித்தாக வேண்டும். அதிலும் பெரும்பாலான பாய்ச்சல்கள் வீண். 1960-களில் கன்ஹா காட்டுப் புலிகளை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், ஏறக்குறைய இருபது முயற்சிக்கு ஒன்றுதான் தேறுகிறது என்று கணித்தார். மழைக்காலத்தில் இரை காடெங்கும் சிதறியிருக்கும். கோடையில் அது எங்கே வரும் என்பது புலிக்கு முன்கூட்டியே தெரியும். கரையோரப் புல்லில் படுத்துக் காத்திருந்தால் போதும். புலிக்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால் நண்பகலில் பின்புறமாக நீரில் இறங்கி, கழுத்தளவு அமிழ்ந்து உட்கார்ந்துவிடும்.

கடமானுக்கு ஏரி தண்ணீர் குடிக்க மட்டுமல்ல, மேயவும் இடம். கரையில் புல் கருகியபின் ஏரிக்குள் இறங்கி நீர்த்தாவரங்களைத் தின்னும். செந்நாய் துரத்தினாலும் கடமான் நீருக்குள்தான் ஓடும். நாய்கள் நீந்தித் தத்தளிக்க வேண்டிய ஆழத்தில் நெடிய கால்களை ஊன்றி நின்று, முன்காலால் உதைத்துச் சமாளிக்கும். செந்நாயிடம் செல்லுபடியாகும் இந்தத் தந்திரம் புலியிடம் பலிக்காது. பூனைக் குடும்பத்தில் புலியைப் போல நீந்தத் தெரிந்தவை சொற்பம்.

இருந்தும், மேயும் மானை ஏரிக்குள்ளேயே பாய்ந்து பிடிப்பதைப் புலியின் வழக்கமாக 1980-களுக்கு முன் யாரும் எழுதி வைத்ததில்லை. அந்தப் பத்தாண்டின் முற்பாதியில் ரணதம்பூரில் செங்கிஸ் என்று பெயரிடப்பட்ட ஆண் புலி அதைச் செய்தது. அந்தக் காட்டின் வன அதிகாரி ஃபதே சிங் ராத்தோரும் புலி ஆர்வலர் வால்மிக் தாப்பரும் பட்டப்பகலில் பார்த்துப் பதிவு செய்தார்கள். புல்லிலிருந்து சீறி வந்து, நீரைக் கிழித்துக்கொண்டு மான் கூட்டத்துக்குள் பாயும். இடுப்பளவு நீரில் கடமானால் வேகமெடுக்க முடியாது, குட்டிகள் பின்தங்கும். தரையில் மானுக்கு இருக்கும் ஓட்டம் என்ற ஒரே சாதகமும் அங்கே போய்விடுகிறது.

எனக்கு அதைவிட வியப்பாகப் படுவது பின்னர் நடந்ததுதான். செங்கிஸ் காணாமல் போனபின், அதே ஏரிக்கரையில் வாழ்ந்த நூன் என்ற பெண் புலி அந்த வித்தையைக் கையில் எடுத்தது. பக்கத்திலிருந்து பார்த்தே பழகியிருக்க வேண்டும். பிறவிக்குணம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாத நடத்தை இது.

ஏரியில் முதலைகளும் உண்டு. புலி கொன்ற மானை முதலை இழுப்பதும், முதலையிடமிருந்து புலி பறிப்பதும் அங்கே சகஜம். 2016-இல் இறந்த மச்லி என்ற புகழ்பெற்ற பெண் புலி, பெரிய முதலை ஒன்றையே கொன்றது படமாகியிருக்கிறது.

வெயிலுக்குப் பயந்து பலரும் குளிர்காலத்தில்தான் ரணதம்பூர் போகிறார்கள். புலியைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏரிப் பகுதி பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும்.