ஆகாயத் தாமரையின் பூர்வீகம்

சென்னை அசோக் நகருக்குத் தென்மேற்கே, ஜாபர்கான்பேட்டையை ஒட்டி ஓடும் அடையாற்றைப் பார்த்தவர்கள், நீரே கண்ணுக்குத் தெரியாதபடி படர்ந்து கிடக்கும் ஆகாயத் தாமரையையும் பார்த்திருப்பார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும், மேற்கேயுள்ள பல ஏரிகளின் கலங்கல் நீரும் வந்து சேருமிடம் இவ்வாறே. ஆகையால் மேலேயுள்ள கிராமத்தார் தம் ஏரியில் விட்டுவைத்த களை, மழைக்காலத்தில் கீழேயுள்ள பட்டணத்து மதகுகளையும் பாலங்களையும் அடைத்து நிற்கிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, ஆற்றில் நீர் தடையின்றி ஓடவேண்டியதன் அவசியத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்களையை வெங்காயத் தாமரை என்றும் சொல்வதுண்டு. சித்த வைத்தியர்கள் ஆகாயத் தாமரை என்று வழங்கும் பூண்டு வேறு; அது தண்டின்றி முட்டைக்கோசு போல் மிதப்பது. ஊதாப் பூவும் பருத்த இலைக்காம்பும் உடைய இக்களையோ தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. பூவின் அழகுக்காகச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிற்று.

களையை ஒழிப்பதே நம் வேலை. அதன் பிறப்பிடத்தை ஆராய்வதால் பயன் என்ன என்று கேட்கலாம். சப்பாத்திக்கள்ளியின் சரித்திரமே இதற்கு விடை. 1795-ஆம் வருஷத்தில் சாயப் பூச்சி என்று கருதிப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொணர்ந்தனர். அது சாயத்திற்கு உதவாவிடினும், தன் தேசத்துக் கள்ளி வகையொன்றைத் தின்று அழித்தது. ஆனால் நம் மேய்ச்சல் நிலங்களை அடைத்திருந்த மற்றொரு வகைக் கள்ளியை அது தொடவில்லை. அவ்வகைக்குரிய வேறொரு பூச்சி 1926-ஆம் வருஷத்தில் இலங்கை வழியாக வந்த பின்னரே, தென்னாட்டில் அக்கள்ளி சில வருஷங்களுக்குள் அடங்கியது. களையின் இனமும் ஊரும் சரியாகத் தெரிந்தாலன்றி அதன் இயற்கைப் பகைவனைக் கண்டுபிடித்தல் அரிது என்பது இதனால் விளங்கும்.

ஒரு நிலத்தின் பாத்தியதையை அறிய மூலபத்திரம் வரை தேடுவது கிராம அதிகாரிகள் நன்கறிந்த முறை. தாவரங்களுக்கும் அத்தகைய மூலபத்திரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு செடியின் உயிரணுக்களிலும், பெற்றோரிடமிருந்து வழிவழியாக வந்த குணங்கள் மரபணுக்களில் பதிந்திருக்கின்றன. பத்திரத்தை நகலெடுக்குங்கால் எங்கேனும் ஓர் எழுத்துப் பிழை நேர்வதுபோல், தலைமுறைகள் செல்லச் செல்ல மரபணுக்களிலும் சிறு மாறுதல்கள் உண்டாகின்றன. ஒரே மாறுதல்களை உடைய செடிகள் நெருங்கிய உறவின. ஓர் இனம் நெடுங்காலம் வாழ்ந்த தாய்நாட்டில் மாறுதல்கள் மிகுந்திருக்கும். சில செடிகளே குடியேறிய நாட்டில் அவை குறைந்திருக்கும்.

ஆகாயத் தாமரையின் பூவிலேயே இதற்கு ஓர் அடையாளம் உண்டு. பூவின் நடுவேயுள்ள சூல்தண்டு, மகரந்தக் கேசரங்களை நோக்க, நீண்டோ, குட்டையாகவோ, நடு உயரத்திலோ இருக்கும். இது மரபணுவால் அமைவது. மூன்று வகைகளும் தென்னமெரிக்காவில் உள்ளன. பிற நாடுகளிற் காண்பது பெரும்பாலும் நடு உயர வகையே. நீண்ட வகை அரிது. குட்டை வகை இல்லை.

சீன, கனடா தேசத்துத் தாவர சாஸ்திரிகள் பல நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகளைச் சேகரித்து, அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, 2010-ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். களை புகுந்த நாடுகளில் ஐந்தில் நான்கு பங்கு இடங்களில், அவ்விடத்துச் செடிகள் யாவும் ஒரே செடியின் பக்கக் கன்றுகளாகவே இருந்தன. பெரும்பாலான இடங்களில் காணப்பட்டதும் அதே ஒரு வமிசந்தான். தாய்நாட்டிலோ வேறுபாடுகள் மிகுதி.

இதிலிருந்து விவசாயிகள் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, இக்களை நம்மிடையே முக்கியமாக விதையால் அன்றிக் கன்றால் பெருகுகிறது. ஆகவே வாரும்போது தவறவிட்ட ஒரு துண்டே மீண்டும் ஏரியை நிரப்பப் போதுமானது. இரண்டாவது, செடிகள் ஒரே வமிசமாயிருப்பதால், ஓரிடத்தில் இதைத் தின்னும் பூச்சி மற்றோரிடத்திலும் தின்னும் என்று நம்ப இடமுண்டு. தென்னமெரிக்காவுக்குரிய இருவகைக் கூன்வண்டுகள் 1980-க்குப் பின் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, அங்குள்ள ஏரிகளில் விடப்பட்டு நற்பலன் தந்தன. எனினும் அவற்றின் வேலை முற்றுப்பெறச் சில வருஷங்கள் செல்லும். வெள்ளம் அடித்துச் செல்லும் ஆறுகளிலும், சாக்கடை கலந்து களை செழிக்கும் நீரிலும் அவற்றை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

ஆதலின் மழை தொடங்குமுன், செடி பூக்குமுன்னரே வாரிக் கரையேற்ற வேண்டும். விதை விழுந்துவிட்டால் சேற்றில் 15 வருஷத்திற்கு மேலும் உயிரோடிருக்கும். வாரியதை வாய்க்காலில் தள்ளாது, மேட்டில் நன்றாக உலர்த்தி எருக்குழியிலிடலாம். இலைகளில் சிறு சதுரமான சுரண்டல் வடுக்கள் காணப்பட்டால் கூன்வண்டு அங்கு வந்துள்ளது என்றறிந்து, அவ்விடத்தில் பூச்சிமருந்து தெளிக்காமல் வேளாண்மை இலாகாவினருக்குத் தெரிவிப்பது நலம். ஓர் ஏரி மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை. கலங்கலால் இணைந்த ஏரிகளின் கிராமத்தார் அனைவரும் ஒரே சமயத்தில் வாரினாலன்றி, மேலேரியின் ஒரு துண்டு கீழேரியின் பாடு முழுவதையும் வீணாக்கிவிடும்.