இரும்பு மோதிரம்

கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடு என்று சர்க்கார் கேட்டால் கொடுப்பீர்களா? நமக்குத் தாலி எப்படியோ, ஐரோப்பாக்காரர்களுக்கு அந்த மோதிரம் அப்படி. 1940-ஆம் வருஷம் பின்லாந்து தேசத்துப் பெண்கள் அதைக் கழற்றித் தேசப் பாதுகாப்புக்கென்று கொடுத்தார்கள். கணவன்மார்களும் கொடுத்தார்கள். பதிலுக்கு ஆளுக்கோர் இரும்பு மோதிரம் கிடைத்தது. அதையே விரலில் போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள்.

ராணுவ உடன்படிக்கை, எல்லை, வல்லரசு என்று பத்திரிகையில் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடுகிறோம் அல்லவா? நானும் அப்படித்தான். ஆனால் "நேட்டோவில் புதிய நாடுகளைச் சேர்க்கலாமா, அதுவும் ருஷ்யாவின் வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாடுகளைச் சேர்க்கலாமா?" என்ற சர்ச்சையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரும்பு மோதிரம்தான் ஞாபகம் வருகிறது.

1939 நவம்பர் 30-ந் தேதி சோவியத் சேனை பின்லாந்தின் எல்லையைத் தாண்டி வந்தது. அன்று பின்லாந்தின் ஜனத்தொகை சுமார் 37 லட்சம். 105 நாட்கள் பனியில் நின்று போராடினார்கள். உலகம் முழுவதும் "ஐயோ பாவம்!" என்றது. சர்வதேச சங்கம் சோவியத் யூனியனையே விலக்கி வைத்தது. தொண்டர்கள் வந்தார்கள், கொஞ்சம் ஆயுதமும் வந்தது. ஆனால் சேனையோடு துணைக்கு வந்து நின்ற ராஜ்யம் ஒன்றுகூட இல்லை.

முடிவில் கரேலியாப் பிரதேசத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டையும் மாட்டையும் விட்டுக் கிளம்பினார்கள். 1941-ல் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடி யுத்தத்தில் இறங்கி, இழந்த நிலத்தை மீட்டது. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து, கூரையைச் செப்பனிட்டுத் தோட்டம் போட்டார்கள். 1944-ல் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். ஒரே வீட்டை இரண்டு தரம் விட்டுவிட்டு வருவதென்றால், அந்த வீட்டுப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அதோடு விட்டதா? 30 கோடி டாலர் நஷ்டஈடு வேறு. அதைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் செய்து செய்து கொடுத்து, 1952-ல் கடனை அடைத்து முடித்தார்கள். அதே வருஷம் தலைநகரான ஹெல்ஸின்கியில் ஒலிம்பிக் பந்தயங்களையும் நடத்தினார்கள். நம் ஹாக்கிக் குழு தங்கம் வாங்கிய ஒலிம்பிக்தான் அது.

அதன் பிறகு பின்லாந்து யாருடைய கட்சியிலும் சேரவில்லை. 1948-ல் மாஸ்கோவோடு சிநேக ஒப்பந்தம் செய்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பெரிய மனுஷர் காதில் விழுமோ என்று பார்த்துப் பார்த்துப் பேசிக் காலம் தள்ளியது. சிலர் பரிகாசம் செய்தார்கள். 1,340 கிலோமீட்டர் நீளத்துக்கு ருஷ்யாவோடு எல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்தவர்களுக்கல்லவா தெரியும் கஷ்டம்!

நேட்டோ என்பது 1949-ல் 12 நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. அதன் ஐந்தாவது ஷரத்துதான் உயிர்நாடி: ஒருவரை அடித்தால் எல்லாரையும் அடித்ததாகக் கணக்கு. புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், இருப்பவர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும்.

2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்ய சேனை உக்ரேனுக்குள் புகுந்தது. அதுவரை பின்லாந்தில் நேட்டோ வேண்டும் என்றவர்கள் கால்வாசிப் பேர்தான். மே மாதத்துக்குள் அது முக்கால்வாசியாகிவிட்டது. பாட்டிமார் சொன்ன கதை பேத்திகளுக்கு மறக்கவில்லை போலும். அப்போது பின்லாந்தின் பிரதமர் ஸன்னா மாரின். அடுத்த நாடான ஸ்வீடனின் பிரதமர் மாக்தலேனா ஆண்டர்சன். இருவருமே பெண்கள். மே 18-ந் தேதி இரு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பம் கொடுத்தன. 30 வீட்டுச் சம்மதமும் வர வேண்டுமே! துருக்கியும் ஹங்கேரியும், கல்யாணத்தில் கோபித்துக்கொள்ளும் பெரியப்பாக்களைப்போல, மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பின்லாந்து 2023 ஏப்ரல் 4-ந் தேதி சேர்ந்தது. ஸ்வீடன் 2024 மார்ச் வரை வாசலில் நின்றது.

சேர்த்தது சரிதானா? எதிர்க் கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ருஷ்யாவுக்கும் பயம் உண்டு. 1812-ல் நெப்போலியனும் 1941-ல் ஹிட்லரும் மேற்கிலிருந்துதான் வந்தார்கள். லெனின்கிராட் முற்றுகையில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். அந்நகரின் வடக்குப் பக்கத்து வழியை அடைத்து நின்றது பின்லாந்துச் சேனையேதான். அந்த ஊர்த் தாய்மாரும் தாய்மார்தானே? தன் வாசலுக்குப் பக்கத்தில் அந்நியப் பட்டாளம் வருவதை எந்த வல்லரசும் சகிக்காது. 1962-ல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்தபோது அமெரிக்கா சகித்ததா? நேட்டோவைக் கிழக்கே நீட்டுவது பெரும் பிசகு என்று 1997-லேயே எச்சரித்தவர் ஜார்ஜ் கென்னன். அமெரிக்காவின் சோவியத் கொள்கைக்கு அஸ்திவாரம் போட்டவரே அவர்.

இதெல்லாம் நியாயமான பேச்சு. ஆனாலும் ஒன்று இடிக்கிறது. 2014-ல் ருஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டபோது உக்ரேன் எந்த அணியிலும் சேருவதில்லை என்று சட்டமே போட்டு வைத்திருந்தது. சும்மா இருந்த வீட்டுக்கும் அந்தக் கதிதான் என்றால், சும்மா இரு என்று புத்தி சொல்வதில் என்ன பிரயோசனம்?

என்னைக் கேட்டால், சேர்ப்பதும் தப்பில்லை, சேர்க்காமல் இருப்பதும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவே நிறுத்தி வைப்பதுதான் பாவம். பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று போனவர்களை நமக்குத் தெரியாதா? 2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் நகரத்து மாநாட்டில் அதுதான் நடந்தது. அமெரிக்கா, உக்ரேனையும் ஜார்ஜியாவையும் சேர்க்க வழி செய்யலாம் என்றது. ஜெர்மனியும் பிரான்ஸும் இப்போது வேண்டாம் என்றன. கடைசியில் எல்லாரும் கூடி, "இவ்விரு நாடுகளும் உறுப்பினராகும்" என்று அறிக்கை விட்டார்கள். தேதி மட்டும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வர அது போதும். பெண்ணுக்குப் பாதுகாப்போ இல்லை. நாலே மாதத்தில், ஆகஸ்டில், ஜார்ஜியாவில் யுத்தம். அந்த அறிக்கைதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது; ஆனால் அது ஜார்ஜியாவைக் காப்பாற்றவில்லை. 2024-ல் வாஷிங்டன் மாநாட்டில், உக்ரேன் நேட்டோவை நோக்கிச் செல்லும் பாதையிலிருந்து பின்வாங்கல் இல்லை என்றார்கள். அப்போதும் தேதி இல்லை.

பின்லாந்து விஷயம் வேறு. அது தானே கேட்டது, வெறுங்கையோடும் வரவில்லை. அங்கே ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ராணுவப் பயிற்சி கட்டாயம். விண்ணப்பித்து ஒரு வருஷத்துக்குள் உள்ளேயும் வந்துவிட்டது. ஆனால் இலவசமாய் வந்த பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நேட்டோவுக்கும் ருஷ்யாவுக்கும் இடையிலான தரை எல்லை இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. அகதிகளைத் தூண்டி அனுப்புவதாக ருஷ்யாமேல் குற்றம் சாட்டி, 2023 முடிவில் பின்லாந்து எல்லைச் சாவடிகளை அடைத்தது. அக்கரையில் அம்மாவும் இக்கரையில் மகளுமாக இருக்கும் ருஷ்ய மொழிக் குடும்பங்கள் இங்கே பல ஆயிரம். நேரே போய்ப் பார்த்துவரும் வழி அவர்களுக்கு அடைபட்டுப் போயிற்று.

சுமார் 56 லட்சம் ஜனங்கள் உள்ள அந்தத் தேசத்தில் 48 லட்சம் பேருக்கு நிலவறைகள் தயாராக இருக்கின்றன. ஹெல்ஸின்கியின் கிழக்குப் பகுதியில் பாறையைக் குடைந்து ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். நீச்சல் கற்றுக்கொள்ளக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். அதுவும் ஒரு நிலவறைதான். உத்தரவு வந்தால், 72 மணி நேரத்துக்குள் தண்ணீரை வடித்துவிட்டு ஜனங்கள் தங்குவதற்கு ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும்.