கடலில் இறங்கும் சூரியன், மலை விளிம்பில் ஓர் அறை: சாண்டோரினியா, வர்க்கலாவா?

மந்தைவெளியில் இருக்கும் தோழி போன மாதம் போனில் கேட்டாள். "அம்மா அப்பாவுக்கு முப்பதாவது கல்யாண நாள் வருது. ரெண்டு பேரும் தனியா எங்கேயும் போனதே இல்லை. தேனிலவுக்குத் திருப்பதி போனாங்களாம், அதுவும் பாட்டியோட! சாண்டோரினி அனுப்பலாம்னு நானும் தம்பியும் பணம் சேர்த்துட்டு இருக்கோம். அங்கே ஹோட்டல் எப்படிப் பார்க்கிறது?" கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு தகவலும் சொன்னாள். "அப்பாவுக்கு முட்டிதான் கொஞ்சம் தொந்தரவு."

அந்தக் கடைசித் தகவலில் இருந்துதான் ஹோட்டல் தேடலைத் தொடங்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கடல் புதிதல்ல. மயிலாப்பூரில் இருந்து பொடிநடையாகப் போனால் மெரினா, அடையாறில் இருந்து எட்டிப் பார்த்தால் எலியட்ஸ் பீச். ஆனால், நம் கடல் சூரியன் உதிக்கிற கடல். சாயங்காலம் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், ஏதோ ஒரு அப்பார்ட்மென்ட் மொட்டைமாடித் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் மறைந்துவிடும். அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கும் ஆசைதான் ரீல்ஸில் வரும் அந்த வெள்ளை வீடுகள் மேல் நமக்கு இத்தனை மோகத்தைக் கொடுத்திருக்கிறது.

சாண்டோரினி அழகுதான், சந்தேகமே இல்லை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் மிச்சம் அந்தத் தீவு. நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட, சுற்றி நின்ற விளிம்புதான் இன்று 300 மீட்டர் உயரம் வரை செங்குத்தாக நிற்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய மண்ணைக் குடைந்து அந்த விளிம்பில் குகை வீடுகள் அமைத்தார்கள். கப்பல் தலைவர்களுக்கு மேலே பெரிய மாளிகை, சாதாரண மாலுமிகளுக்குக் கீழே குகை. 1956 ஜூலையில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஊர் உடைந்து பலர் தீவைவிட்டே போனார்கள். மாலுமி தங்கிய அந்தக் குகைகள்தான் பிற்பாடு தேனிலவு அறைகள் ஆயின.

வீடுகள் படிப்படியாக அடுக்கியிருப்பதால் உங்கள் அறையின் முற்றம் கீழ்வீட்டுக்காரரின் கூரை. அழகாக இருக்கிறது, ஆனால் லிஃப்ட் வைக்க வழியில்லை. தெருவில் இறங்கி உங்கள் அறைக்குப் போக ஐம்பது அறுபது படிகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை. பெட்டியைத் தூக்க ஆள் வருவார். முட்டியை யார் தூக்குவது? ஃபீரா என்ற தலைநகரில் இருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்க 600-க்குச் சற்றுக் குறைவான படிகள். பழனி மலைக்கே 693 படிதான். நல்லவேளையாக அங்கேயும் பழனி மாதிரி ஒரு ரோப் கார் இருக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. எரிமலை விளிம்பில் தங்கினால் கடலைப் பார்க்கலாம், கால் நனைக்க முடியாது. கமாரி, பெரிஸ்ஸா போன்ற கறுப்பு மணல் கடற்கரைகள் தீவின் மறுபக்கம் இருக்கின்றன. எல்லோரும் போட்டோ எடுக்கும் 'ஈயா' ஊரிலும் சில ஹோட்டல்கள் தெற்கு பார்த்தவை. விளிம்பில் காசு கொட்டி அறை எடுத்துவிட்டு, சூரியன் மறைவதைப் பார்க்கத் தெருவுக்கு வந்து கூட்டத்தில் நிற்பவர்கள் உண்டு. அமைதியும் மேற்குப் பார்வையும் வேண்டுமானால் இமரோவிக்லி என்ற ஊர் நல்லது. விளிம்பிலேயே அதுதான் உயரமான ஊர், கூட்டமும் குறைவு. மே அல்லது செப்டம்பர் கடைசியில் போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலும் வடக்கே இருந்து அடிக்கும் காற்றும் படுத்திவிடும். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். தீவின் சிறப்பு உணவே மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெய் விட்ட 'ஃபாவா'வும், தக்காளியில் போடும் ஒருவகை வடையும்தான். பருப்புக் கடைசலும் வடையும் தின்ன ஏழு கடல் தாண்டணுமா என்று மாமியார் கேட்டால் நான் பொறுப்பில்லை.

சரி, செலவு? ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விளிம்பு அறை சீசனில் ஓர் இரவுக்கு 300 யூரோவுக்குக் குறைவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது என்பதை மறக்காதீர்கள். அது போக, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஐந்து நட்சத்திர ஹோட்டல் என்றால் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ அரசு வரி தனி. விமானம் இன்னும் கணக்கில் வரவில்லை. 2025 பிப்ரவரியில் அங்கே நாள்கணக்கில் நிலம் அதிர்ந்துகொண்டே இருந்து, 11,000-க்கும் மேற்பட்டவர்கள் தீவைவிட்டு வெளியேறினார்கள். பிறகு அடங்கிவிட்டது. போகவே கூடாது என்று சொல்லவில்லை. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்து புக் செய்யச் சொல்கிறேன்.

தோழி வீட்டில் இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் அப்பா சொன்னாராம், "அந்தக் காசுல பத்து வருஷம் வருஷா வருஷம் எங்கேயாவது போகலாமே!" இப்போதைய முடிவு, டிசம்பரில் மூன்று இரவு வர்க்கலா. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கடலோரம் செங்குத்தாக நிற்கும் மேட்டின் உச்சியில் ஹோட்டல், எதிரே மேற்குக் கடல் என்ற அமைப்பு நமக்கு ஓர் இரவு ரயில் தூரத்திலேயே இருக்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், நகரத்தில் இருந்து வடக்கே 40, 50 கிலோமீட்டர். தென்கேரளக் கடற்கரை பெரும்பாலும் தட்டையானது. வர்க்கலாவில் மட்டும் செந்நிறப் பாறை ஏழெட்டு மாடி உயரத்துக்குக் கடலை ஒட்டி எழுந்து நிற்கிறது. உச்சியில் ஒற்றையடிப் பாதை போல நடைபாதை, ஒரு பக்கம் வரிசையாகக் கடைகள், மறுபக்கம் வெறும் காற்று. கீழே பாபநாசம் கடற்கரை. கொஞ்சம் உள்ளே தள்ளி ஜனார்த்தன சுவாமி கோயில். கற்படிமங்களை ஆராய்பவர்களுக்கும் இது முக்கியமான இடம். இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

ஹோட்டல் தேடும்போது இந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. மேலே இருப்பது கேரளத்தில் வீடு கட்ட அறுத்தெடுக்கும் வெட்டுக்கல். அதன் கீழே மணற்கல், அதற்கும் கீழே களிமண். மழைத் தண்ணீர் கல்லுக்குள் ஊறி இறங்கி, களிமண்ணில் தடைபட்டுப் பாறையின் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. கடற்கரையில் நின்றால் அந்த ஊற்றுகளைப் பார்க்கலாம், பக்தர்கள் அதில் குளிக்கிறார்கள். அதே தண்ணீர்தான் பாறையை உள்ளிருந்து இளக்குகிறது. அடியில் அலை அறுக்கிறது. உச்சியில் கட்டடங்களின் பாரமும் கழிவுநீர்க் குழிகளும் சேர்கின்றன. ஹெலிபேட் பக்கம் உட்பட பல இடங்களில் அண்மை ஆண்டுகளில் மண் சரிந்திருக்கிறது. ஆகவே, 'விளிம்புக்கு மிக மிக அருகில்' என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருந்தால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடைபாதைக்கு உள்பக்கம், இரண்டாம் வரிசையில், முதல் மாடி அறை. என்னைக் கேட்டால் இதுதான் வர்க்கலாவின் சிறந்த அறை. கடலும் தெரியும், நடைபாதைக் கூட்டம் உங்கள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காது, வாடகையும் குறையும்.

எந்தப் பக்கம் தங்குவது என்பது உங்கள் வயதையும் குணத்தையும் பொறுத்தது. ஹெலிபேடை ஒட்டிய வடக்குக் கிளிஃப் கலகலப்பானது. பாட்டு, மீன் வறுவல் வாசனை, திபெத்திய வளையல் கடை எல்லாம் அங்கேதான். அப்படியே வடக்கே நடந்தால் ஓடயம் கடற்கரையை நெருங்க நெருங்க மேடு தாழ்ந்துவிடும். படி குறைவு, சத்தமும் குறைவு. முட்டி வலிக்காரர்களுக்கு அதுதான் பொருத்தம். பாபநாசத்துக்குத் தெற்குப் பக்க மேடும் அமைதிதான். ஆனால், சாயங்காலம் காபிக்கும் வேடிக்கைக்கும் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

புக் செய்யுமுன் ஹோட்டலுக்கே போன் போடுங்கள். தமிழில் பேசினாலே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். "கடல் தெரியுமா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். "கட்டில்ல படுத்தா தெரியுமா, பால்கனிக்கு வந்தா தெரியுமா, மொட்டைமாடிக்கு ஏறினா தெரியுமா?" என்று கேட்க வேண்டும். கார் எதுவரை வரும், அங்கிருந்து அறைக்கு எத்தனை படி, பக்கத்துக் கடையில் பாட்டு ராத்திரி எத்தனை மணிக்கு நிற்கும் என்பதையும் விடாதீர்கள். கடைசியாக ஒரு உதவி கேளுங்கள்: நீங்கள் எடுக்கப்போகிற அதே அறையின் பால்கனியில் இருந்து, மாலை ஐந்தரை மணிக்கு, அரை நிமிட வீடியோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எந்த ரிவ்யூவும் சொல்லாததை அந்த அரை நிமிடம் சொல்லிவிடும். அனுப்பத் தயங்கினால் அடுத்த ஹோட்டலைப் பாருங்கள்.

இதைவிட வசதியாக, காசைப் பற்றிக் கவலை இல்லாமல் என்றால் கோவளம் இருக்கிறது. அங்கே குன்றின் சரிவில் சார்லஸ் கோரியா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த பழைய அரசு ஹோட்டல், இன்று வேறு நிர்வாகத்தில் ஐந்து நட்சத்திர விடுதியாக நடக்கிறது. சரிவைச் சமப்படுத்தாமல், படிப்படியாகக் கட்டடத்தை இறக்கியிருப்பார். சாண்டோரினி அடுக்கின் அதே தந்திரம்.

போகும் காலம் நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், மணல் பரப்பே காணாமல் போகும், கடைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொள்ளும். மண் சரிவதும் அப்போதுதான். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை ஸ்ரீ நாராயண குருவின் சிவகிரிக்கு யாத்திரை வருபவர்களால் ஊர் நிரம்பிவிடும், புத்தாண்டுக் கூட்டம் வேறு. நம் ஆடி அமாவாசையை ஒட்டி வரும் கர்க்கடக வாவு அன்று பாபநாசத்தில் பித்ரு காரியம் செய்ய வருபவர்களின் கூட்டம் அலைமோதும். மற்ற நாள்களிலும் காலையில் அங்கே தர்ப்பணம் நடக்கும். கைகோத்து போட்டோ எடுக்க அந்த இடத்தை விட்டுவிட்டு வடக்கே கொஞ்சம் நடந்துவிடுங்கள். ஒருவர் தன் அம்மாவுக்குப் பிண்டம் கரைக்கிற இடத்துப் பக்கத்தில் நமக்கு ட்ரோன் எதற்கு?

ரயில் சுலபம். எழும்பூரில் மாலை ஏறினால் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் மதுரை, நெல்லை, நாகர்கோவில் வழியாக மறுநாள் மதியத்துக்குள் வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனில் இறக்கிவிடும். அறை தயாராகும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கீழ் பெர்த் வேண்டுமென்றால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஸ்டேஷனில் இருந்து கிளிஃபுக்கு ஆட்டோ. ரங்கநாதன் தெருவில் வாங்குவதாக இருந்தால் தொப்பியைவிட முக்கியம், அடியில் பிடிமானம் உள்ள செருப்பு. கடற்கரைக்கு இறங்கும் படிகளில் மணலும் ஈரமும் சேர்ந்து வழுக்கும். ராத்திரிக்கு டார்ச்சும் இருக்கட்டும், நடைபாதை விளிம்பில் எல்லா இடத்திலும் தடுப்பு கிடையாது.

போய்ச் சேர்ந்த பிறகு? மூன்று நாளில் ஒன்பது இடம் பார்க்கும் பழக்கத்தை ரயிலிலேயே விட்டுவிடுங்கள். ஒருநாள் காலை வடக்கே காப்பில் வரை போய், கடலும் காயலும் ஒரு மணல் திட்டால் பிரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இல்லையென்றால் தெற்கே அஞ்சுதெங்கு கோட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி மிளகு வியாபாரத்துக்காகக் கட்டியது. அது போதும். மீதி நேரம் பால்கனியில் இரண்டு நாற்காலி. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், கீழ்வீட்டு மோட்டார் சண்டை எதுவும் பேசக் கூடாது என்று நிபந்தனை போட்டுக்கொண்டால் முதல் பத்து நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும். முப்பது வருடம் கழித்து வேறு என்ன பேசுவது என்றே தெரியாது. பிறகு யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

டிசம்பரில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். கூட்டம் கைதட்டிவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பும். நீங்கள் எழுந்துவிடாதீர்கள். ஆரஞ்சு போய் ஊதா வந்து, வானமும் கடலும் ஒரே கறுப்பாக ஆனதும், தொலைவில் ஒரு விளக்கு தெரியும். பிறகு ஒன்று, இன்னொன்று. மீன்பிடிப் படகுகள். அரை மணி நேரத்தில் தொடுவானம் முழுக்க வரிசையாக விளக்குகள். எண்ண ஆரம்பித்தால் சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது.