மணிக்கட்டில் என்ன நிறம்?

ஏற்காடு ஏரிக்கரையிலும் அண்ணா பூங்கா வாசலிலும் கைக்கயிறு விற்காத கடை அபூர்வம். அட்டையில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கறுப்பில் வெள்ளை மணி, சிவப்பில் சிறு சலங்கை, பச்சையும் மஞ்சளும் சேர்த்து முறுக்கியது, பெயரின் முதல் எழுத்து கோத்தது. மலை ஏறி வரும் கல்லூரிப் பிள்ளைகள் சட்டை நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டிவிடும் கடைக்காரர் யாரிடமும் சாதி கேட்பதில்லை. பிடித்த நிறம் எதுவோ அதுதான்.

இதே கயிறு தெற்கே சில மாவட்டங்களின் பள்ளிகளுக்குள் போனால் அதன் வேலை வேறு. அங்கே நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை இல்லை. எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்பது முன்பே முடிவாகிவிட்டது. மதிய உணவுக்கு யாரோடு உட்காருவது, விளையாட்டில் யாரைத் தன் அணியில் சேர்ப்பது என்பதெல்லாம் மணிக்கட்டைப் பார்த்தே முடிவாகின்றன. இதை நாம் மட்டும் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் நேரில் கவனித்து எழுதிக் கொடுத்தார்கள். அதன் பேரில் 2019-ல் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி நிறங்களில் கயிறு கட்டிவரும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்றது அது. மோதிரமும் நெற்றிப் பொட்டும்கூட அதில் குறிப்பிடப்பட்டிருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார். சுற்றறிக்கை அத்தோடு அமுங்கியது.

அமுங்கியதன் விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டப் பள்ளி ஒன்றில் கயிறு கட்டுவதில் தொடங்கிய சண்டையில் 17 வயது மாணவன் உயிரிழந்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் தப்பவில்லை. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை முதல்வரிடம் வந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கயிற்றால் சாதி காட்டும் வழக்கம் நேற்று முளைத்ததல்ல. பேஷ்வாக்கள் ஆண்ட மராட்டிய நாட்டில், தீண்டப்படாதவர் மணிக்கட்டிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்று விதி இருந்ததை அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் பதிவு செய்திருக்கிறார். தெரியாமல் மேலே பட்டுத் தீட்டாகிவிடக் கூடாதாம், அதற்கான ஏற்பாடு. பக்கத்துத் திருவிதாங்கூரில் தலித் பெண்கள் கழுத்தில் கல்லுமாலைதான் அணிய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 1915-ல் பெரிநாட்டில் அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் கூடிய கூட்டத்தில், அய்யன்காளி கேட்டுக்கொண்டபடி பெண்கள் கல்லுமாலைகளை மேடை முன்னே அறுத்துக் குவித்தார்கள்.

அன்று நம்மை அடையாளம் காண நம் கையில் கட்டினார்கள். இன்று அவர்களே தங்கள் கையில் கட்டிக்கொள்கிறார்கள். பார்க்கத் தலைகீழாகத் தெரியும். ஆனால் வகுப்பில் முப்பது பேர் ஒரே நிறம் கட்டியிருந்தால், வெறுங்கையோடு இருக்கும் ஐந்து பேர் யார் என்று வாத்தியாருக்கும் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும். கட்டாத கையும் சாதியைச் சொல்லிவிடும்.

ஏற்காட்டுப் பள்ளிகளில் இப்படி நடக்கிறது என்று நாம் எழுதவில்லை. ஆனால் சேர்வராயன் மலையைச் சாதி தொடாத ஊர் என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது. 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது. தோட்ட வேலைக்கு மலையேறிய சமவெளிக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ‘எந்த லைன், எந்த ஊர்க்காரங்க?’ என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். மலையின் விடுதிப் பள்ளிகளுக்குப் பல மாவட்டப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்ப் பழக்கமும் பெட்டியோடு ஏறி வரும். மலையை விட்டு இறங்கினால் தீவட்டிப்பட்டி. மாரியம்மன் கோயில் திருவிழாவில் வழிபடும் உரிமை கேட்டதை ஒட்டி 2024 மே மாதம் அங்கே மோதல் வெடித்து, கடைகள் எரிந்ததை மாவட்டம் மறந்திருக்காது.

கயிற்றுக்குத் தடை என்றதும் பெற்றோரிடம் இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மந்திரித்துக் கட்டும் கறுப்புக் கயிற்றையும் அறுக்கச் சொல்வீர்களா? அம்மனுக்கு நேர்ந்துகொண்ட மஞ்சள் கயிறு என்ன பாவம் செய்தது? நியாயமான கேள்விதான். பாட்டி கட்டிய ஒற்றைக் கயிற்றால் எந்தப் பள்ளியிலும் அடிதடி வந்ததில்லை. ஆனால் இது சாமிக் கயிறு, இது சாதிக் கயிறு என்று வாசலில் நின்று பிரித்துப் பார்க்கிற வேலையை எந்த ஆசிரியரிடம் கொடுப்பது? பிரித்துப் பார்க்கிறவருக்கும் ஒரு சாதி இருக்குமே. அதனால் பள்ளி நேரத்தில் யார் கையிலும் எதுவும் வேண்டாம் என்பதே சரி என்று நமக்குப் படுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிக்கொள்ளட்டும்.

நம் இளைஞர்கள் சிலர் நீலக் கயிறு கட்டுகிறார்கள். 1942-ல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நிறம் அது. ஒடுக்குகிறவன் கட்டும் கயிறும் ஒடுக்கப்பட்டவன் கட்டும் கயிறும் ஒன்றாகிவிடாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘எல்லாரும்தான் கட்டுறாங்க’ என்று பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் கையில் நீலத்தைக் கட்டி அனுப்பும் அண்ணன், பள்ளி விட்டு அவன் தனியாக நடந்து வரும் வழியையும் யோசிக்க வேண்டும். கூட்டத்துக்கு வரும்போது கட்டட்டும், ஏப்ரல் 14 அன்று கட்டட்டும். இதைப் படித்துவிட்டுச் சிலர் நம்மீது கோபப்படலாம், படட்டும்.

கயிற்றைக் கழற்றிவிட்டால் சாதி தெரியாமல் போய்விடுமா? வகுப்பறை வாசலில் நின்று ‘எஸ்.சி. பசங்கெல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்’ என்று ஒரு குரல் வந்தால் போதும், கழற்றிய அத்தனை கயிறும் வீண். சந்துரு குழு இதையும் விட்டுவைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பிள்ளைகளைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தலைமை ஆசிரியர் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்கிறது அறிக்கை. கயிறும் பொட்டும் விவாதமான அளவுக்கு இவை பேசப்படவில்லை. பேசியிருந்தால் ஆசிரியர் அறைக்குள்ளும் கை வைக்க வேண்டியிருக்கும்.

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. எஸ்டேட்டில் அரை நாள் கூலி போய்விடுமே என்று கூட்டத்துக்குப் போகாமல் இருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வீட்டில் ஒருவராவது போய், மற்ற பெற்றோர் முன்னிலையிலேயே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: “சார், உதவித்தொகைக்கு எங்க பிள்ளைங்கள எப்படிக் கூப்பிடுறீங்க?”