கல்யாணப் புடவையின் கலர் எங்கே போச்சு?

டிஜிட்டல் காமிராவில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்த வாலிபரின் தவிப்பு

சென்னை:

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அம்மா அரக்குக் கலர் கூரைப்புடவையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். மகன் புது டிஜிட்டல் காமிராவில் படமாக எடுத்துத் தள்ளினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்... அத்தனையும் கறுப்பு-வெள்ளை!

"பழைய காலத்துப் படம் மாதிரி இருக்கட்டும்னு நான்தான் சார் அப்படி வச்சேன். வேணும்னா அப்புறம் கலராக்கிக்கலாம்னு நினைச்சேன். 'என் புடவைக் கலரே தெரியலையேடா'ன்னு அம்மா கேட்டுட்டாங்க..."

அந்த வாலிபர் இப்படிச் சொல்லி நின்ற இடம் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன ஸ்டூடியோ.

கையை விரித்தார்

ஸ்டூடியோக்காரருக்கு வயது 70-க்கு மேல். "நம்ம பேரெல்லாம் போடாதீங்க" என்று நம்மிடம் சொல்லிவிட்டு மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தார்.

"தம்பி, 'ரா' பைல் இருக்கா?"

"இல்லே சார். ஜேபெக் மட்டும்தான்."

"அப்ப போனது போனதுதான்" என்று கையை விரித்து விட்டார்.

ஏன் போச்சு?

காமிராவுக்குள் படம் பிடிக்கும் சென்சாருக்கு நிறமே தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது மட்டும்தான் தெரியும்!

அதனால் அதன் புள்ளிகள் மேல் பொடிப்பொடியாகக் கலர் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை. கால் பங்குக்குச் சிவப்பு. கால் பங்குக்கு நீலம். கோடாக் கம்பெனி விஞ்ஞானி பிரைஸ் பேயர் கண்டுபிடித்து, 1976-ல் காப்புரிமை கிடைத்த முறை இது.

கறுப்பு-வெள்ளை என்று வைத்தாலும் காமிரா கலர் விவரத்தோடுதான் படம் பிடிக்கிறது. ஜேபெக் ஆக்கும்போதுதான் கலரை உதறிவிடுகிறது. 'ரா' பைலோ, சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும்.

முதல் காமிரா

இதில் ஒரு வேடிக்கை. 1975-ல் கோடாக் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா எடுத்ததே கறுப்பு-வெள்ளைப் படம்தான்! எடை சுமார் மூன்றரைக் கிலோ. ஒரு படத்தில் வெறும் 10 ஆயிரம் புள்ளிகள். அதை டேப் காசெட்டில் பதிய 23 வினாடி. பார்ப்பதற்கு டெலிவிஷன் பெட்டி வேண்டும்.

கறுப்பு-வெள்ளை மட்டுமே எடுக்கும் 'லைகா எம் மோனோகுரோம்' 2012-ல் வந்தது. கலர் வடிகட்டியே கிடையாது. விலையோ லட்சக்கணக்கில்!

எப்படி எடுக்கலாம்?

சாதாரணக் காமிராவே போதும் என்கிறார் பெரியவர். அவர் சொல்லும் யோசனைகள்:

"கறுப்பு-வெள்ளையில வச்சுக்கோங்க. ஆனா 'ரா', ஜேபெக் ரெண்டும் சேர்த்துப் பதியற மாதிரி வைங்க. திரையில கறுப்பு-வெள்ளை தெரியும். கலர் 'ரா'வுல பத்திரமா இருக்கும்.

"சிவப்புப் புடவை, பச்சைக் கரைன்னா ரெண்டும் ஒரே சாம்பலா விழுந்துடும். கரையே தெரியாது. கம்ப்யூட்டர்ல மாத்தும்போது சிவப்பைக் கூட்டினா புடவை வெளுத்து, கரை எடுப்பா நிக்கும். நீலத்தைக் குறைச்சா வானம் கறுத்து மேகம் பளிச்சுன்னு வரும். பிலிம் காலத்துல இதுக்குத்தான் லென்ஸ் முன்னால சிவப்புக் கண்ணாடி போடுவோம்.

"உச்சி வெயில்ல வெள்ளை வேட்டியை எடுத்தா ஜாக்கிரதை. ஒரேயடியா வெளுத்துப் போச்சுன்னா மடிப்பு திரும்ப வராது. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சே எடுங்க."

பிரஷ் வந்தது

வாலிபர் முகம் வாடியே இருந்தது. பெரியவர் ஒரு படத்தில் நிறுத்தினார். ஹோமப் புகைக்கு நடுவே அப்பா தாலி கட்டுகிறார். அம்மா வெட்கத்தில் சிரிக்கிறார்.

"இதைப் பாரு தம்பி. இதுல கலரா முக்கியம்? சரி, அந்தப் புடவை வீட்லதானே இருக்கு? நாளைக்கு எடுத்துட்டு வா."

"எதுக்கு சார்?"

"கலர் பிலிம் வர்றதுக்கு முன்னாடி கல்யாணப் படத்துக்கெல்லாம் பிரஷ்லதான் கலர் போடுவோம். கை இன்னும் நடுங்கலே!"

மறுநாள் புடவை வந்தது. பிரிண்ட் போட்ட படத்தில் புடவைக்கு மட்டும் அரக்குக் கலர் ஏறியது. மற்றதெல்லாம் கறுப்பு-வெள்ளைதான்.

"அம்மா பார்த்துட்டு அழுதுட்டாங்க சார்" என்றார் வாலிபர். அடுத்த மாதம் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. காமிராவில் இப்போதே 'ரா'வையும் சேர்த்து வைத்துவிட்டாராம்!