முயல் வளர்ப்பும் உள்ளக விருத்தியும்

கூட்டிலுள்ள முயல்களை எண்ணி அறிதல் எளிது. அவை எத்தனை வழியிலிருந்து வந்தன என அறிதல் அரிது. முயல் வளர்ப்போர் முன்னதை மட்டும் கருதிப் பின்னதை மறப்பாராயின், செழித்திருந்த கூட்டம் சில தலைமுறைகளுள் நலிவுறக் காண்பர். முயல் ஏறக்குறைய 31 நாளிற் குட்டி ஈனுமாதலின், மாட்டுப்பட்டியிற் பல்லாண்டு கழித்துத் தோன்றும் கேடு முயற்கூட்டில் விரைவில் வெளிப்படும்.

பரம்பரையலகுகள் தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரட்டையாய் அமைவன. ஒன்று பழுதுற்றதாயினும் மற்றது அதனை மறைத்தல் கூடும். கபில நிற முயல்கள் இரண்டிற்குச் செங்கண்ணுடைய வெண்குட்டி பிறத்தல் உண்டு. அவை இரண்டும் வெண்மைக்குரிய பின்னிடைவான பரம்பரையலகை மறைவாகத் தாங்கியிருந்தமையே இதற்குக் காரணமாகும். வெண்மையால் உயிருக்கு ஊறில்லை. ஆயின், மேல் கீழ் வெட்டும் பற்கள் பொருந்தாத பரம்பரைக் குறையும் இவ்வாறே மறைந்து வருவதாகும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. ஒன்றோடொன்று உராய்ந்து தேயாவிடின் அவை நீண்டு வளையும்; விலங்கு உண்ண இயலாது மெலிந்து மடியும்.

நெருங்கிய உறவுடைய முயல்களைச் சேர்க்கும்போது, ஒரே மூதாதையின் ஒரே பரம்பரையலகு இரு வழியாலும் குட்டியை அடைதல் கூடும். இந்நிகழ்தகவை அளக்கும் முறையைச் சிவால் றைற் என்னும் அமெரிக்க அறிஞர் 1922 இல் வகுத்தார். உடன்பிறந்தவற்றைச் சேர்ப்பினும், பெற்றோரை அதன் குட்டியோடு சேர்ப்பினும் அது 25 சதவீதமாகும்; தந்தை மட்டும் ஒன்றாகவுள்ளவற்றுக்கு 12.5 சதவீதமாகும்.

உள்ளக விருத்தி முற்றிலும் தீதன்று. விரும்பிய நிறத்தையும் உருவத்தையும் நிலைநாட்டுதற்கு அது கருவியாயிற்று. ஆயின் நற்பண்பை நிலைநாட்டும் அக்கருவியே தீப்பண்பையும் நிலைநாட்டும். ஈற்றுக் குட்டிகளின் தொகை குறைதல், குட்டிகள் இறத்தல், நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றுதல் என்பன அதன் விளைவுகளாம்.

பத்துப் பெண் முயல்களுக்கு ஓர் ஆண் முயல் போதும் என்பர் சிலர். குட்டிகளின் தொகைக்கு அது போதும். வழியின் நலத்திற்குப் போதாது. அடுத்த தலைமுறை முழுவதும் தன் பரம்பரையலகிற் பாதியை அவ்வோர் ஆணிடமே பெறும். ஆண்தொகையையும் பெண்தொகையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுப்பின் பயனுறு தொகை கிடைக்கும். எனவே பதினொரு முயல்கள் உள்ள கூட்டின் பயனுறு தொகை 3.6 மட்டுமே. ஆண்கள் நான்காயின் அது 11.4 ஆக உயரும். ஆண் முயல் மூன்றைக் கூடுதலாக வளர்க்கும் செலவு வீண்செலவன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின், ஒவ்வொரு முயலின் தாய் தந்தையரையும் ஏட்டிற் பதிதல் முதற்கடன். உறவற்ற ஆண் முயலை இடையிடையே வேற்றிடத்திலிருந்து பெறுதல் இரண்டாவது. தாய் எத்துணை உள்ளக விருத்தியுற்றதாயினும், உறவற்ற ஆணோடு சேர்ந்து அது ஈனும் குட்டிக்கு அவ்வளவு சுழியமாகும். பல தலைமுறைகளிற் சேர்ந்த கேடு ஒரே தலைமுறையில் மறைவது இங்ஙனமே. ஆயின், அவ்வாணை அதன் குட்டிகளோடே மீண்டும் சேர்ப்பின் பெற்ற பயன் இழக்கப்படும். ஏட்டின் இன்றியமையாமை இதனாலும் விளங்கும்.